வீட்டில் வாயாடி, வகுப்பில் ஒற்றைச் சொல்: டவுன் சிண்ட்ரோம் உள்ள மாணவர்களின் பேச்சு

மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "டவுன் சிண்ட்ரோம் உள்ள எட்டு வயதுப் பெண் இந்த ஆண்டு என் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். வீட்டில் ஓயாமல் பேசுவாள் என்கிறார் அவள் அம்மா. வகுப்பில் எதைக் கேட்டாலும் ஒரு வார்த்தை, இல்லாவிட்டால் தலையாட்டல். சொல்வதிலும் பாதி எனக்குப் புரிவதில்லை. இந்தப் பிள்ளைகள் வகுப்பில் எந்த அளவுக்குப் பேசுவார்கள்? நான் என்ன செய்யலாம்?"

பேச்சுப் பயிற்சி கொடுப்பதுதான் என் வேலை. அதில் பெரும்பகுதி நேரம் டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளோடுதான் போகிறது. அந்த அனுபவத்தில் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அம்மா மிகைப்படுத்தவில்லை, நீங்கள் பார்ப்பதும் தவறில்லை. வகுப்பில் அவள் பேச்சு சுருங்கிப்போவதற்குப் பாதிக் காரணம் அவள் காதிலும் வாயிலும் நினைவாற்றலிலும் இருக்கிறது. மீதிப் பாதி, வகுப்பில் கேள்வி கேட்கப்படும் விதத்தில் இருக்கிறது. இந்த இரண்டாவது பாதியைப் பற்றித்தான் நிறையச் சொல்லப்போகிறேன், அது உங்கள் கையில் இருப்பதால்.

அடிப்படை விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்று பிரதிகளாக இருப்பது டவுன் சிண்ட்ரோம். 1866-இல் லாங்டன் டவுன் என்ற ஆங்கில மருத்துவர் இதை விவரித்து எழுதினார். காரணம் கூடுதல் குரோமோசோம்தான் என்று 1959-இல் பாரிஸில் ஜெரோம் லெஜூனும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்டார்கள். ஏறக்குறைய 700 முதல் 1,000 பிறப்புக்கு ஒன்று என்ற கணக்கில் எல்லா நாட்டிலும் காணப்படுகிறது. இது நோய் இல்லை, தொற்றாது. சரி, வகுப்புக்கு வருவோம்.

நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்தப் பிள்ளைகளின் மொழித்திறன் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பின்தங்குவதில்லை என்பது. பிறரோடு பழகுவது, முகம் பார்த்துப் பேசுவது, சைகை காட்டுவது, கேலி செய்வது எல்லாம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சொற்களைப் புரிந்துகொள்வதும் ஓரளவு நன்றாக இருக்கும், வயது ஏற ஏற அது வளர்ந்துகொண்டே போகும். வாக்கியம் அமைப்பது அதைவிடக் கடினம். எல்லாவற்றுக்கும் கீழே நிற்பது உச்சரிப்புத் தெளிவு. ஆக, அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தது ஒரு மட்டம், அவள் சொல்லக்கூடியது அதற்குக் கீழே ஒரு மட்டம், அவள் சொன்னதில் உங்களுக்குப் புரிவது இன்னும் கீழே ஒரு மட்டம். கடைசி மட்டத்தை வைத்து முதல் மட்டத்தை அளந்தால் கணக்கு தப்பாகிவிடும். வகுப்புகளில் தினமும் அதுதான் நடக்கிறது. பேச்சு தெளிவில்லாத பிள்ளைக்குப் பாடமும் தெரியாது என்று முடிவுகட்டி, இரண்டு வயதுக் குழந்தைக்குக் கொடுக்கும் வேலையைக் கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளைக்கு அலுத்துப்போகிறது, அப்புறம் சேட்டை தொடங்குகிறது.

காதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பெரும்பாலும் எல்லோரும் கடைசியாகப் பார்ப்பது அதைத்தான். டவுன் சிண்ட்ரோமில் காதுத் துவாரமும், நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாயும் குறுகலாக இருக்கும். அதனால் நடுக்காதில் நீர் கோத்துக்கொள்வது மிகச் சகஜம். காது வலிக்காது, சீழ் வராது, வெளியே ஒன்றும் தெரியாது. ஒலி மட்டும் மங்கிப்போகும். இதில் தொல்லை என்னவென்றால், கேட்கும் அளவு நாளுக்கு நாள் மாறும். சளி பிடித்த வாரம் மோசம், அடுத்த வாரம் பரவாயில்லை. "கூப்பிட்டால் வேண்டுமென்றே திரும்ப மாட்டேன் என்கிறாள்" என்ற புகாரைக் கேட்டாலே நான் முதலில் கேட்பது, கடைசியாகக் காது பரிசோதனை எப்போது நடந்தது என்றுதான். பள்ளி வயதில் ஆண்டுக்கு ஒரு முறையாவது பரிசோதனை வேண்டும் என்பது குழந்தை மருத்துவர்களின் பொதுவான வழிகாட்டுதல். அம்மாவிடம் கேட்டுவிடுங்கள். பரிசோதனை முடிவு எப்படி இருந்தாலும் அவளை முன் வரிசையில், மின்விசிறி இரைச்சலுக்கும் வாசலுக்கும் எட்டத்தில் உட்காரவையுங்கள். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசாதீர்கள். உங்கள் வாயசைவு அவளுக்குப் பாதி உதவி. கண்ணாடி போட்டிருக்கிறாளா, அதை வகுப்பிலும் போட்டுக்கொள்கிறாளா என்பதையும் பாருங்கள். பார்வைக் குறைபாடும் இவர்களிடம் அதிகம்.

காது மங்கினால் எந்த ஒலி முதலில் போகும்? சத்தம் குறைவான மெய்யெழுத்துகள், சொல்லின் கடைசியில் வரும் குட்டிக் குட்டி அசைகள். தமிழில் இலக்கணம் கிட்டத்தட்ட முழுவதும் அங்கேதான் இருக்கிறது. "மாமாவோட பஸ்ல போனேன்" என்பதில் யாரோடு, எதில், யார், எப்போது என்ற அத்தனை தகவலும் ஓட, ல, னேன் என்ற கடைசித் துணுக்குகளில்தான் வருகிறது. அவற்றைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது "மாமா பஸ் போ". உங்கள் மாணவி பேசுவது இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பெயர்ச்சொல், வினைச்சொல் எல்லாம் வந்துவிடும். அவற்றை ஒட்டவைக்கும் உருபும் விகுதியும் வராது. சிலசமயம் மரியாதை விகுதி போய்விடும், "டீச்சர் வா" என்பாள். அதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது வாய். வாயின் உள்ளிடம் சிறியது, அண்ணம் குறுகலாக உயர்ந்திருக்கும், நாக்குக்கும் உதட்டுக்கும் தசை இறுக்கம் குறைவு. இதோடு, ஒலிகளை எந்த வரிசையில் எவ்வளவு வேகத்தில் அசைப்பது என்று மூளை திட்டமிடுவதிலும் பலருக்குச் சிக்கல் உண்டு. அதனால்தான் ஒரே சொல்லை மூன்று விதமாகச் சொல்வார்கள்: பென்சில் ஒருமுறை "பெஞ்சி", இன்னொருமுறை "பெச்சில்", மறுபடி கேட்டால் "எஞ்சில்". கேட்பவர் காது எதற்குத்தான் பழகும்? ஒற்றைச் சொல்லாகச் சொல்லும்போது தெளிவாக இருப்பது வாக்கியத்துக்குள் போனதும் குழைந்துவிடும். அமெரிக்கப் பேச்சுப் பயிற்சி நிபுணர் லிபி குமின் 1994-இல் வெளியிட்ட ஆய்வில் 900-க்கும் மேற்பட்ட பெற்றோர்களிடம் கேட்டார். பிள்ளை பேசுவது வெளியாருக்கு எப்போதாவதோ அடிக்கடியோ புரியாமல் போகிறது என்று 100-இல் 95 பேர் சொன்னார்கள். ஆக, உங்களுக்குப் பாதி புரியவில்லை என்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அம்மாவுக்குப் புரிகிறது, ஏனென்றால் எட்டு ஆண்டுப் பழக்கம்; போதாததற்கு, பேச்சு எதைப் பற்றியது என்பது அவருக்கு முன்பே தெரியும்.

கடைசியாக நினைவு. காதால் கேட்டதைச் சில நொடிகள் மனத்தில் பிடித்துவைத்துக்கொள்ளும் திறன் இவர்களுக்குக் குறைவு. கண்ணால் பார்த்ததைப் பிடித்துக்கொள்வது அதைவிட நன்றாக இருக்கும். எண்களை வரிசையாகச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னால், பெரியவர்கள் சாதாரணமாக ஏழு எண் சொல்வார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள வளரிளம் பருவத்தினர் பலர் மூன்று, நான்கில் நின்றுவிடுவார்கள். "நோட்டை எடுத்து, தேதி போட்டு, பக்கம் 32-ல இருக்கிற முதல் மூணு கணக்கை எழுதிட்டு, என்கிட்ட கொண்டுவந்து காட்டு" என்று ஒரே மூச்சில் சொன்னால் அவளிடம் தங்குவது "நோட்டு", "காட்டு" இரண்டும்தான். வெறும் நோட்டைக் கொண்டுவந்து நீட்டுவாள். அது அடம் இல்லை.

இவ்வளவும் அவள் பக்கத்துக் காரணங்கள். இப்போது உங்கள் பக்கம்.

ஒரு நாள் உங்கள் வகுப்பைச் செல்பேசியில் பதிவுசெய்து, அவளிடம் நீங்கள் கேட்டதை மட்டும் எழுதிப் பாருங்கள். "இது என்ன நிறம்?", "இது என்ன?", "முடிச்சிட்டியா?", "புரியுதா?" என்ற வகைதான் பெரும்பாலும் இருக்கும். எல்லா ஆசிரியர்களும் இப்படித்தான் கேட்கிறோம். பேசத் திணறும் பிள்ளையிடம் இன்னும் அதிகமாக இப்படிக் கேட்கிறோம், அவள் சிரமப்படக் கூடாது என்ற நல்லெண்ணத்தில். ஆனால் "இது என்ன நிறம்?" என்பதற்கு "சிவப்பு" என்பதுதான் சரியான பதில். அதற்குமேல் யாரும் பேச மாட்டார்கள். ஒற்றைச் சொல் வருகிறது என்று கவலைப்படும் நாமே நாள் முழுக்க ஒற்றைச் சொல் கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். வீட்டில் அம்மா இப்படியா பேசுகிறார்? "இன்னைக்கு என்னடி ஆச்சு, சட்டையெல்லாம் மண்ணு?" என்பார், அவள் தொடங்குவாள்.

அதற்காக ஒரேயடியாக "நீ என்ன நினைக்கிறாய்?" என்று விரித்துக் கேட்டாலும் வேலைக்கு ஆகாது. ஏன், எப்படி, எப்போது என்று தொடங்கும் கேள்விகள் இவர்களுக்கு யார், என்ன, எங்கே என்பவற்றைவிடக் கடினம். நடுவில் ஒரு வழி இருக்கிறது. இரண்டு பதிலை நீங்களே கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வது: "நரி ஏமாத்துச்சா, ஏமாந்துச்சா?" இந்தக் கேள்விக்கு அவள் ஒரு வார்த்தைதான் சொல்வாள், ஆனால் விகுதியோடு சேர்ந்த முழு வினைச்சொல் அது. இன்னொன்று, வாக்கியத்தை நீங்கள் தொடங்கி அவள் முடிப்பது: "காக்கா வடையைத் தூக்கிட்டு மரத்து மேல..." என்று நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பாருங்கள். மூன்றாவது, கேள்வியே கேட்காமல் ஒன்றைத் தப்பாகச் சொல்வது. அவளுடைய பையை எடுத்து "இது என் பைதானே?" என்று தோளில் மாட்டிப் பாருங்கள். கேள்வியில் வராத வாக்கியம் மறுப்பில் வரும்.

கேட்டபின் காத்திருங்கள். நான் சொல்வதில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளைப் பதிவுசெய்து பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதற்குள் அடுத்த மாணவருக்கோ அடுத்த கேள்விக்கோ போய்விட்டார்கள். மூன்று நொடி காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, பதிலே வராமல் போவது குறைந்தது. அவர் பார்த்தது சாதாரணப் பிள்ளைகளை. உங்கள் மாணவி கேட்டதைப் பிடித்து, புரிந்து, சொல் தேடி, வாயை ஒழுங்குசெய்ய வேண்டும். ஐந்திலிருந்து பத்து நொடி ஆகும். பத்து நொடி மௌனம் வகுப்பில் எவ்வளவு நீளம் என்று உங்களுக்கே தெரியும். பக்கத்தில் இருப்பவன் பதிலைக் கத்திவிடுவான். அதனால் ஒரு ஏற்பாடு: "இந்தக் கேள்வி உனக்கு, யோசி, மணியைக் கேட்டுட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வேறொருவரிடம் போய்த் திரும்புங்கள். காத்திருக்கும்போது கேள்வியை வேறு சொற்களில் மாற்றிச் சொல்லாதீர்கள். உங்களுக்கு அது உதவியாகத் தெரியும், அவளுக்கு அது இன்னொரு புதிய கேள்வி. முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அவள் சொன்னபின் என்ன செய்வது என்பதும் முக்கியம். "பந்து விழு" என்கிறாள். "அப்படி இல்லை, பந்து விழுந்தது-ன்னு சொல்லு, எங்கே சொல்லு" என்று திருத்தினால் பேச்சு அங்கேயே நிற்கும். "ஆமா, பந்து விழுந்துடுச்சு! சாக்கடையில விழுந்துடுச்சே" என்று அவள் சொன்னதையே முழுசாக்கி, ஒரு துண்டு கூட்டி, இயல்பாகத் திருப்பிச் சொல்லுங்கள். திரும்பச் சொல் என்று கட்டாயப்படுத்த வேண்டாம். சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி, காதில் விழுந்தால் போதும். சொற்றொடர் நீள்வது இப்படித்தான். எங்கள் துறையில் கொஞ்சம் பலன் உறுதியாகத் தெரிந்த உத்திகளில் இது ஒன்று.

நான் நேரில் பார்த்த ஒரு வகுப்பைச் சொல்கிறேன். பத்து வயதுப் பையன். திங்கட்கிழமை காலை எல்லோரும் விடுமுறையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அவன் முறை வந்ததும் எழுந்து "அண்ணா... தண்ணி... டப்!" என்றான். ஆசிரியருக்கு விளங்கவில்லை. "என்னப்பா? திரும்பச் சொல்லு." அவன் அதையே இன்னும் சத்தமாகச் சொன்னான். யாரோ சிரித்தார்கள். அவனும் சிரித்து, இடுப்பை ஆட்டி ஒரு ஆட்டம் போட்டான். வகுப்பே கைதட்டியது, அவன் உட்கார்ந்துகொண்டான். பார்ப்பவர்களுக்கு அது குஷி. உண்மையில் அவன் சொல்ல வந்ததைக் கைவிட்ட இடம் அது. கடினமான இடத்தில் இப்படிக் கவர்ச்சி காட்டி நழுவுவது இந்தப் பிள்ளைகளிடம் அடிக்கடி பார்க்கக்கூடியது. எடின்பரோவில் ஜெனிஃபர் விஷார்ட் இதைப் பற்றி நிறைய ஆய்வு செய்திருக்கிறார். கைதட்டினால் அடுத்த முறையும் ஆட்டம்தான் வரும்.

அடுத்த வாரத்திலிருந்து வீட்டுக்கும் பள்ளிக்கும் போய்வர ஒரு நோட்டு வைத்தோம். ஞாயிறு இரவு அம்மா அதில் ஒரு புகைப்படம் ஒட்ட வேண்டும், அல்லது பையன் கிறுக்கும் படத்தின் கீழே ஒரு வரி எழுத வேண்டும். அவ்வளவுதான். பழைய கதையையே முதலில் ஒட்டச் சொன்னோம்: அண்ணன் தொட்டி ஓரம், அண்ணன் தண்ணீருக்குள், அப்பா தூக்குவது என்று மூன்று கிறுக்கல். பையன் நோட்டைப் பிடித்துக்கொண்டு, முதல் படத்தில் விரல் வைத்து, "அண்ணா... தண்ணில... விழு... விழுந்தான்" என்றான். ஆசிரியர் "அண்ணன் தண்ணிக்குள்ள விழுந்துட்டானா! அப்புறம்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். அது அவருக்குப் பெரிய வேலை. விரல் மூன்றாவது படத்துக்குப் போனது. "அப்பா தூக்கு. அண்ணா அழுதான். நான் சிரி... சிரிச்சேன்." வாய் அதே வாய்தான். படம் மூன்று வேலையைச் செய்தது: அவன் நினைவில் பிடித்திருக்க வேண்டிய வரிசையைத் தாளில் பிடித்துக்கொண்டது, கேட்பவருக்குப் பேச்சு எதைப் பற்றியது என்று காட்டியது, விரல் போகும் வேகத்துக்கு அவன் பேச்சைத் தணித்தது.

இது அந்தப் பையனுக்கு மட்டும் நடந்தது இல்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ராபின் சாப்மனும் அவர் குழுவும் பல ஆண்டுகள் செய்த ஆய்வுகளில், டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள் உரையாடலில் பேசுவதைவிடப் படம் பார்த்துக் கதை சொல்லும்போது நீண்ட வாக்கியங்கள் பேசுகிறார்கள் என்று தெரிந்தது. அவர்களுக்குத் தெரிந்த கதையின் ஓட்டம், அவர்கள் வாக்கிய இலக்கணத்தைவிட ஒரு படி மேலேயே இருந்தது. ஆகவே கேள்வி-பதிலில் அவள் எவ்வளவு பேசுகிறாள் என்பதை மட்டும் வைத்து மதிப்பெண் போடாதீர்கள்.

படத்துக்கு அடுத்த படி எழுத்து. பேச்சே வராத பிள்ளைக்கு வாசிப்பு எதற்கு என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இவர்களைப் பொறுத்தவரை அந்த வரிசையே தலைகீழ். காற்றில் கரைந்துபோகும் சொல்லை எழுத்து நிறுத்திவைக்கிறது. காதுக்கு எட்டாத அந்தக் கடைசி விகுதியைக் கண்ணுக்குக் காட்டுகிறது. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் சூ பக்லி என்ற உளவியலாளர் 1980-களிலேயே இதைக் கையில் எடுத்தார். டவுன் சிண்ட்ரோம் உள்ள தன் மகள் மூன்று வயதிலேயே வாசிக்கத் தொடங்கி, அதன் வழியே பேச்சும் வளர்ந்ததாக ஒரு தந்தை எழுதிய கடிதம்தான் அவரை இந்தப் பக்கம் திருப்பியது. நீங்கள் செய்யக்கூடியது எளிது. அவள் சொல்ல விரும்பும் வாக்கியத்தை அட்டையில் எழுதி, சொல் சொல்லாக வெட்டி, அவளை அடுக்கவிட்டு, அடுக்கியதைப் படித்துச் சொல்லவையுங்கள். "தண்ணில" என்பதில் "ல" வேறு வண்ணத்தில் இருக்கட்டும். சில நாள் கழித்து அட்டையை எடுத்துவிட்டுச் சொல்லச் சொன்னாலும் அந்த "ல" பல பிள்ளைகளுக்கு வரத் தொடங்கும்.

சைகை காட்டினால் பேச்சு நின்றுவிடுமா என்று அம்மாக்கள் பயப்படுவார்கள், ஆசிரியர்களும் பயப்படுவார்கள். நிற்காது. பேசிக்கொண்டே முக்கியச் சொல்லுக்கு மட்டும் கையால் ஒரு சைகை காட்டும் முறைகள் பல நாடுகளில் பள்ளிகளிலேயே நடைமுறையில் இருக்கின்றன. பிரிட்டனில் 1970-களில் உருவான மக்கடோன் அவற்றில் ஒன்று. வாய் தயாரானதும் பிள்ளைகள் சைகையைத் தாமாகவே விட்டுவிடுகிறார்கள். எட்டு வயதில் உங்கள் மாணவிக்கு முழுநேரச் சைகை தேவைப்படாமல் இருக்கலாம். ஆனால் அவள் ஏதோ சொல்லி உங்களுக்கு விளங்காதபோது "கையால காட்டு" என்று கேட்க முடிவதே இருவருக்கும் நிம்மதி. விளங்காததை விளங்கியதுபோல் "ஓ, அப்படியா!" என்று தள்ளிவிடாதீர்கள். அவளுக்கு அது உடனே தெரிந்துவிடும். புரிந்த பாதியைச் சொல்லி மீதியைக் கேளுங்கள்: "தாத்தா வந்தாரு, அது புரிஞ்சிடுச்சு. தாத்தா என்ன கொண்டுவந்தாரு?" ஒரு வாக்கியம் முழுவதையும் திரும்பச் சொல்லவைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இதன் மறுபக்கமும் இருக்கிறது, அது இன்னும் கவனிக்கப்படாதது. நீங்கள் சொல்வது அவளுக்குப் புரியாதபோது அவள் சொல்ல மாட்டாள். சிரித்துத் தலையாட்டுவாள். லெனர்ட் அபெடுட்டோ என்ற அமெரிக்க ஆய்வாளரின் ஆய்வுகளும் இதையே காட்டின: சொன்னது குழப்பமாக இருந்தாலும் "எனக்குப் புரியல" என்று அறிவிப்பது இவர்களிடம் குறைவு. எனவே "புரியுதா?" என்ற கேள்வியால் ஒரு பயனும் இல்லை. "இப்ப முதல்ல என்ன செய்யப்போற?" என்று கேளுங்கள். "புரியல, திரும்பச் சொல்லுங்க" என்ற வாக்கியத்தையே ஒரு பாடமாகக் கற்றுக்கொடுங்கள், மேசையில் ஒரு அட்டையாக ஒட்டிவையுங்கள். அவள் அதைத் தொட்டுக் காட்டும் முதல் நாளில், வகுப்பு முன்னால் அவளைப் பாராட்டுங்கள்.

சில சின்ன விஷயங்கள். தனக்குத் தானே பேசிக்கொள்கிறாளா? பேசட்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் பெரும்பாலோர், பெரியவர்கள் ஆனபிறகும், அன்றைய நாளை ஓட்டிப் பார்க்கவும் அடுத்து செய்யவேண்டியதை நினைவுபடுத்திக்கொள்ளவும் வாய்விட்டுப் பேசிக்கொள்வார்கள். அடுத்தவர் படிப்பைக் கெடுத்தால் "மெதுவா பேசு" என்றால் போதும். காதை வைத்துக் கேட்டால் அவளுடைய நீளமான வாக்கியங்கள் அங்கேதான் கிடைக்கும். திக்குவாயும் இவர்களில் பலருக்கு உண்டு. "மெதுவா, மூச்சு விட்டு, பதறாம" என்ற அறிவுரை எதுவும் வேண்டாம். நீங்கள் மெதுவாகப் பேசுங்கள், அவள் முடிக்கும்வரை முகத்தைப் பாருங்கள்.

வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறு மொழி என்றால், வீட்டு மொழியை நிறுத்தச் சொல்லி யாராவது ஆலோசனை கொடுத்திருப்பார்கள். கேட்காதீர்கள். கனடாவில் எலிசபெத் கே-ரெய்னிங் பர்ட் குழு 2005-இல் வெளியிட்ட ஆய்வில், இரு மொழிச் சூழலில் வளரும் டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகள் ஒரு மொழி மட்டுமே கேட்டு வளரும் அதே நிலைப் பிள்ளைகளைவிட அந்த மொழியில் பின்தங்கவில்லை. வீட்டு மொழியை நிறுத்தினால் நடப்பது ஒன்றுதான்: அவள் வாயாடும் ஒரே இடமும் போய்விடும்.

ஊதல் ஊதுவது, மெழுகுவத்தி அணைப்பது, நாக்கை இப்படியும் அப்படியும் ஆட்டுவது போன்ற பயிற்சிகளால் பேச்சு தெளியும் என்று யாராவது வகுப்பு நேரத்தைக் கேட்டால் கொடுக்காதீர்கள் என்பேன். ஊதிப் பழகினால் ஊதத்தான் வரும், பேச்சு பேசித்தான் வரும். இந்தப் பயிற்சிகளால் பேச்சு தெளியும் என்பதற்கு நல்ல சான்று இதுவரை இல்லை. நாக்கு பெரிதாக இருக்கிறது என்று அறுவை செய்து குறைத்த காலமும் உண்டு. பேச்சுத் தெளிவில் மாற்றம் வரவில்லை என்று 1980-களிலேயே ஆய்வுகள் காட்டிவிட்டன. அதற்குப் பதிலாக, அவள் தினமும் பயன்படுத்தும் பத்துப் பதினைந்து சொற்களைத் தேர்ந்தெடுங்கள்: தோழிகளின் பெயர், உங்கள் பெயர், "எனக்கு வேணும்", "முடிச்சிட்டேன்", "என் முறை". ஒவ்வொன்றையும் அவளால் முடிந்த அளவு நன்றாக, ஆனால் எப்போதும் ஒரே விதமாகச் சொல்லப் பழக்குங்கள். "ழ" வரவில்லையா, "ய" என்று சொல்லட்டும். ஒருநாள் "ய", மறுநாள் "வ", அடுத்த நாள் ஒன்றுமே இல்லை என்பதைவிட அது எவ்வளவோ நல்லது. ஒரே விதமாகச் சொன்னால் வகுப்பின் காது பழகிக்கொள்ளும்.

வகுப்பின் காது என்றேன். கூட இருக்கும் பிள்ளைகள்தான் உங்களைவிட வேகமாக அவள் பேச்சைப் புரிந்துகொள்வார்கள். அதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது: "டீச்சர், அவளுக்குத் தண்ணி வேணுமாம்" என்று ஒரு தோழி நிரந்தர மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடுவாள். உங்கள் மாணவிக்குப் பேசவே தேவையில்லாமல் போய்விடும். அந்தத் தோழியை "அவளே சொல்லட்டும்" என்று செல்லமாக நிறுத்துங்கள். அதே சமயம் விளையாட்டுக் குழுவிலும் குழு வேலையிலும் பேச வேண்டிய ஒரு பங்கை அவளுக்குக் கட்டாயம் கொடுங்கள். யார் முறை என்று அறிவிப்பவள், பொருள் கேட்டு வாங்கி வருபவள் என்று ஏதாவது. சூ பக்லியின் குழு, பொதுப் பள்ளியில் படித்த டவுன் சிண்ட்ரோம் இளைஞர்களையும் சிறப்புப் பள்ளியில் படித்தவர்களையும் ஒப்பிட்டது. யார் எந்தப் பள்ளிக்குப் போனார்கள் என்பது பெரும்பாலும் குடியிருந்த பகுதியைப் பொறுத்தே அமைந்திருந்ததால் அந்த ஒப்பீட்டுக்கு மதிப்பு உண்டு. பேச்சு மொழியில் பொதுப் பள்ளியினர் இரண்டு ஆண்டுக்கும் மேல் முன்னே இருந்தார்கள். பேசும் பிள்ளைகளுக்கு நடுவே நாள் முழுக்க இருப்பது அதில் பெரிய பங்கு என்று நான் நினைக்கிறேன். ஆனால் ஓரமாகத் தனி மேசை போட்டு, உதவியாளர் ஒருவரை மட்டும் பக்கத்தில் உட்காரவைத்தால், பொதுப் பள்ளியில் இருந்தும் அந்தப் பேச்சு அவள் காதுக்கு வராது.

எந்த அளவுக்குப் பேசுவார்கள் என்று கேட்டீர்கள். ஆளுக்கு ஆள் மிகவும் வேறுபடும். எட்டு வயதில் இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசுபவர்களும் உண்டு, கதை சொல்பவர்களும் உண்டு, முக்கியமாகச் சைகையில் பேசுபவர்களும் உண்டு. பதினோரு பன்னிரண்டு வயதோடு வாக்கிய வளர்ச்சி நின்றுவிடும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். சாப்மன் குழு வளரிளம் பருவம் தாண்டியும் தொடர்ந்து பார்த்தபோது வாக்கியம் வளர்ந்துகொண்டுதான் இருந்தது. வளர்ச்சி மெதுவானது என்பதால் தினமும் பார்க்கும் உங்கள் கண்ணுக்கு அது படாது. ஆகவே இந்த வாரமே, சொற்கள் இல்லாத ஒரு படக்கதைப் புத்தகத்தைக் கொடுத்து அவளைக் கதை சொல்லவிட்டு, மூன்று நிமிடம் பதிவுசெய்துகொள்ளுங்கள். நடுவில் "அப்புறம்?" என்பதைத் தவிர நீங்கள் எதுவும் பேசக் கூடாது. பருவத் தேர்வு முடிந்ததும் அதே புத்தகம், அதே மூன்று நிமிடம். இரண்டு பதிவிலும் மிக நீளமான ஐந்து வாக்கியங்களை எழுதி, சொற்களை எண்ணுங்கள், விகுதியோடு வந்த வினைச்சொற்களைத் தனியாக எண்ணுங்கள். அந்தத் தாளை அம்மாவுக்கும் கொடுங்கள், பேச்சுப் பயிற்சி தருபவர் இருந்தால் அவருக்கும் ஒரு பிரதி போகட்டும்.